தராசு ஏறாத இலை

தோட்டம் என்றால் ஊர்நாட்டில் கத்தரியும் வெண்டையும் நிற்கும் இடம். நாலு வாழை, ஒரு முருங்கை, ஓரத்தில் ஒரு கிணறு. இலங்கை மலையகத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அளவு வேறு. எங்களுக்குத் தோட்டம் என்றால் மலைகள், லயங்கள் என்ற வரிசை வீடுகள், ஸ்டோர் என்ற தேயிலை ஆலை, கோயில், பிள்ளைக்காம்பரா, மயானம் எல்லாம் சேர்ந்தது. "எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் "ஸ்பிரிங்வெளி" என்போம். அது விலாசம், அதுவே பிறப்புச் சான்றிதழ். ஆகவே, லயத்து இஸ்தோப்புக்கு, அதாவது வெளித் திண்ணைக்கு, முன்னால் நாலு செடி வைத்திருந்த துண்டு நிலத்துக்கு எங்களிடம் தனிப் பெயர் இருக்கவில்லை. வாசல் என்றுதான் சொல்வோம்.

அந்த வாசலில், ஓரம் பிளந்த ஒரு பெயின்ட் வாளியில், அப்பாயி, என் அப்பாவின் அம்மா, துளசி வைத்திருந்தாள்.

பதுளைப் பட்டணத்தை விட்டு ஏறினால், நமுனுகுல மலையின் சரிவில் இருக்கிறது ஸ்பிரிங்வெளி. நமுனுகுல என்றால் சிங்களத்தில் ஒன்பது முகடுகள். பனி மூடும் நாளில் அந்த ஒன்பதில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. எதிர் லயத்தின் தகரக் கூரைகூடத் தெரியாது. அப்படிப்பட்ட விடிகாலைகளில் துளசி இருக்கும் திசையை மூக்குதான் சொல்லும். அப்பாயி பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் களத்துக்குப் போகுமுன் அதற்குத் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றும்போது கையின் பின்புறம் இலையில் உரசும். அந்த உரசலில் எழும் வாசம் இஸ்தோப்பைத் தாண்டி, உள்ளே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் எங்கள் மூக்கு வரை வரும். எங்களை எழுப்பியது பெரட்டுக் களத்துச் சத்தம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். என்னை எழுப்பியது துளசி.

துளசி எங்களோடு கப்பலேறி வந்த செடி இல்லை. இந்தத் தீவின் மண்ணுக்கு அது முன்பே பழக்கம். சிங்களக் கிராமத்தார் அதை மதுருதலா என்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் இருமலுக்கு அதன் சாறுதான். கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் திருச்சி, சேலம், இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே வந்தவர்கள், தெரியாத ஊரில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்ததுபோல் இந்தச் செடியைப் பார்த்திருப்பார்கள். ஊரில் மாடம் கட்டி வைத்த துளசி, இங்கே வாளியில் அமர்ந்தது.

வெப்ப நாட்டுச் செடி அது. எங்கள் மலைக் குளிரில் அதை வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். விதை கடுகைவிடச் சிறியது. ஆழமாகப் புதைத்தால் வராது. மண்ணை நனைத்து, மேலே தூவி, உள்ளங்கையால் ஒரு தரம் அழுத்தினால் போதும். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். குளிரில் இன்னும் நாள் எடுக்கும். கூரைத் தண்ணீர் சொட்டும் வரிசையில் வாளியை வைக்கக் கூடாது. சொட்டுச் சொட்டாக விழும் நீர் மண்ணைக் கெட்டிப்படுத்தி, வேரை அழுக வைத்துவிடும். காலை வெயில் எந்தச் சுவரோரம் முதலில் விழுகிறதோ அங்கே வைக்க வேண்டும். வாளியின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டிருக்க வேண்டும். சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ளினால் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும்.

இதில் எதையும் அப்பாயி எனக்குப் பாடமாகச் சொல்லவில்லை. அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக்கு வந்தும் ஒரு செடியின் முன்னால் நிற்க எப்படி மனம் வருகிறது? விறகு வெட்டுகிறவர் ஓய்வு நேரத்தில் விறகு வெட்டுவதுண்டா?

கொழுந்து பறிப்பதைக் கண்டவர்களுக்குத் தெரியும். இரண்டு இலை, ஒரு மொட்டு. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒடிக்கும் அந்த ஒரே அசைவு, காலையிலிருந்து அந்தி வரை ஆயிரக்கணக்கான தடவை. கூடை நிறைந்தால் நிறுவை. கணக்கப்பிள்ளை தராசைப் பார்ப்பார், கூடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பார், எழுதுவார். நாளுக்கு இத்தனை கிலோ என்று ஒரு அளவு இருக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் அது மாறும். பதினெட்டு, இருபது என்று இருக்கும். அது நிறைந்தால் செக்ரோல் பதிவேட்டில் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். ஒரு நாள் கூலிக்கு எங்கள் பேச்சில் 'பேர்' என்றுதான் பெயர். ஒரு மனுஷியின் பேர் முழுசா, பாதியா என்பதைத் தராசு முள் சொல்லிவிடும். அப்படி நிறுத்த பச்சைக் கொழுந்து, ஏறக்குறைய நாலரை, ஐந்து கிலோ சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூளாகும்.

அந்த விரல்கள்தான் வீட்டுக்கு வந்து, கால் கழுவி, பொழுது சாயுமுன் துளசியின் முன்னால் நிற்கும். ஒரு இலை. சில நாளில் இரண்டு. ஒன்றை முருகன் படத்துக்கு வைப்பாள். அடுத்ததை வாயில் போட்டுக்கொள்வாள், அல்லது இருமுகிற பிள்ளையின் கொத்தமல்லித் தண்ணீரில் போடுவாள். விரலின் அசைவு அதேதான். ஒடிக்கும் இடமும் அதே மாதிரிதான். ஆனால் இந்த இலைக்குக் கூடை கிடையாது. நிறுவை கிடையாது. எந்த ஏட்டிலும் இது ஏறாது.

வளர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அப்பாயிக்கு அது இன்னொரு வேலையாக இருக்கவில்லை. காலையிலிருந்து எண்ணப்பட்டுக்கொண்டே இருந்த கைகள், எண்ணப்படாத ஒரு காரியத்தைத் தேடிப் போயின. அதைச் செய்தால்தான் அவை தன்னுடைய கைகள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மார்கழியில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பஜனை போகும். பனிக்குள் லாம்பு வெளிச்சம் மட்டும் நகர்ந்து வரும். தாளச் சத்தம் பின்னால் வரும். பஜனை முடிந்து, தீர்த்தமும் துளசியும் கொடுக்கும்போது யாராவது ஒரு பெரியவர் கதை சொல்வார். துலாபாரக் கதையை நான் முதன்முதல் கேட்டது அப்படித்தான். கண்ணனைத் தராசின் ஒரு தட்டில் உட்கார வைத்தார்கள். மறு தட்டில் சத்தியபாமை தன் பொன்னையும் மணியையும் குவித்தாள். தட்டு அசையவில்லை. வீட்டிலிருந்த அத்தனையும் வைத்தாள். அப்போதும் அசையவில்லை. ருக்மிணி வந்தாள். ஒரு துளசி இலையை வைத்தாள். தட்டு தாழ்ந்தது.

இந்தக் கதையை அரண்மனையில் இருப்பவர்கள் கேட்பதும், தராசின் முன்னால் தினமும் நிற்கிறவர்கள் கேட்பதும் ஒன்றல்ல. கதை முடிந்ததும் அப்பாயி பக்கத்திலிருந்த பெண்ணிடம் மெதுவாகச் சொன்னாள்: "அந்தத் தராசுல கழிவு கெடையாது போல." பெண்கள் வரிசை முழுவதும் சிரித்தது. கதை சொன்னவரும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். துளசி இலை பொன்னைவிடக் கனமானது என்று கதை சொல்வதாகத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். எனக்குத் தோன்றுவது வேறு. சத்தியபாமை எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். இன்னும் எவ்வளவு வைத்தால் சரியாகும் என்ற கேள்வி ஒவ்வொரு நகையோடும் தட்டில் ஏறிக்கொண்டே இருந்தது. ருக்மிணியின் கையில் அந்தக் கேள்வி இல்லை. கீதையில் கண்ணன் அன்போடு தந்தால் ஏற்பேன் என்று சொல்வது ஒரு இலை, ஒரு பூ, ஒரு பழம், கொஞ்சம் தண்ணீர். திருமூலரும் இறைவனுக்குப் பச்சிலை இடுவது எல்லாராலும் ஆகக்கூடிய காரியம் என்றார். இவர்கள் சொன்னதெல்லாம் சந்தையில் விலை பேசி வாங்கத் தேவையில்லாத பொருள்கள். லயத்துக் காம்பராவில் இருப்பவளிடமும் அது இருக்கும். அரண்மனையில் இருப்பவளிடமும் அது இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். பலனை எதிர்பாராதே என்ற வார்த்தையை உழைக்கிறவர்களைப் பார்த்துச் சொல்வது எளிது, கேட்பவர்களுக்குத்தான் வலிக்கும். அப்பாயி அந்த ஏமாற்றுக்கு ஆளானதில்லை. நிறுவையில் ஒரு ராத்தல் குறைந்தாலும் நின்று கேட்பாள். கிலோ வந்த பிறகும் அவள் வாயில் ராத்தல்தான். உழைப்புக்குக் கூலி கேட்பது ஒன்று, அன்புக்குக் கணக்கு வைப்பது வேறொன்று. முதலாவதை அவள் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாவதை ஒரு நாளும் செய்யவில்லை. அவளுடைய ஆன்மிகம் முழுவதும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாததில் இருந்தது.

ஒரு நாள் அந்திக்குப் பின், தங்கைக்கு இருமல் என்று நான் துளசி பறிக்கப் போனேன். இருட்டிவிட்டது. அப்பாயி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"பொழுது போன பொறவு தொளசியத் தொடாத சாமி."

"ஏன் அப்பாயி?"

"அதுவும் மலைக்குப் போய்ட்டு வந்துருக்கு. அசந்து தூங்குது."

எங்கள் பேச்சில் மலைக்குப் போவது என்றால் வேலைக்குப் போவது. அந்தி சாய்ந்தபின் துளசி பறிக்கலாகாது, துவாதசியில் பறிக்கலாகாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததற்கு நூல்களில் பல விளக்கங்கள் உண்டு. எனக்கு இந்த ஒரு விளக்கம் போதுமாக இருக்கிறது. தேயிலைச் செடிக்கு ஏழு நாளைக்கு ஒருமுறை பறிப்பு திரும்பி வந்துவிடும். அதற்கு நல்ல நாள், கெட்ட நாள் கிடையாது. ஆனால் வாசலில் நிற்கும் இந்த ஒரு செடிக்கு மட்டும் ராத்திரி ஓய்வு, துவாதசி லீவு. தனக்குக் கிடைக்காத ஓய்வை அப்பாயி ஒரு செடிக்குக் கொடுத்தாள். கொடுத்த பிறகு அந்த ஓய்வில் கொஞ்சம் அவளுக்கும் கிடைத்தது. இருட்டிய பின் அவளும் ஒன்றும் செய்யாமல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பாள்.

பராமரிப்பு என்றால் ஏதாவது செய்துகொண்டே இருப்பது என்று நினைக்கிறோம். துளசியைக் கொல்வது பெரும்பாலும் கவனக்குறைவு அல்ல, அளவு மீறிய கவனம்தான். மண் காயுமுன் மறுபடி தண்ணீர், நாளொரு உரம், இடம் மாற்றி இடம் மாற்றி வைப்பது. விரலை ஒரு கணு அளவு மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். ஜபத்திலும் இப்படி ஒரு இடம் உண்டு. நாமத்தைச் சொல்லிக்கொண்டே போய், சொல்வது நின்று, சும்மா இருக்கிற இடம். அங்கே கைக்கு வேலை இல்லை. ஆனால் கை விலகிப் போய்விடவும் இல்லை.

எங்கள் ஊவா மாகாணத்துக்கு ஒரு பருவம் உண்டு. எங்களுக்கு மழை அதிகம் ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று மலையைக் கடந்து வறண்டு வந்து இறங்கும். பீலியில் தண்ணீர் நூலாகும். கொழுந்து குறையும். அந்த வாரங்களில் பறித்த கொழுந்தில்தான் உலகம் தேடும் ஊவா மணம் ஏறுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கொழும்பு ஏலத்தில் அதற்குத் தனி மதிப்பு. காற்றும் வறட்சியும் இலையை வருத்த, இலை தனக்குள் உண்டாக்கிக்கொள்ளும் ஒரு பொருளின் வாசம் அது. மெதில் சாலிசிலேட் என்று இரசாயனம் படித்தவர்கள் சொல்வார்கள். தலைவலித் தைலத்தில் வருமே, அந்தக் குளிர்ந்த வாசம். துளசிக்கு வேறு சத்து, யூஜினால். கராம்பிலும் அதுதான். அந்தக் காற்று நாட்களில் எங்கள் வாசல் துளசியின் இலை சிறுத்து, நிறம் கறுத்து, மென்றால் நாக்கில் காரம் ஏறியிருக்கும்.

துன்பம்தான் மனிதனை மணக்க வைக்கிறது என்று இங்கே எழுதிவிட்டால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். நான் எழுத மாட்டேன். காற்றில் வருந்திய கொழுந்தின் மணத்தை ஏலத்தில் எடுத்தவர்கள் வேறு, காற்றில் நின்று பறித்தவர்கள் வேறு. அந்தக் காற்று நாட்களில் அப்பாயி செய்தது ஒன்றுதான். பீலிக்கரையில் வரிசையில் நின்று கொண்டுவந்த குடத்திலிருந்து, சோறாக்குமுன் ஒரு செம்பு துளசிக்கு. துன்பத்தை அவள் புகழவில்லை. துன்பத்தின் நடுவில் தண்ணீரைப் பங்கு வைத்தாள்.

தேயிலை பூக்கும் செடி என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். விட்டுவிட்டால் மரமாகவே வளரும். பறிப்பும் கவ்வாத்தும் அதை இடுப்பளவில் வைத்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கத்தி வைத்து, வெறும் கவைகளாக வெட்டி, மறுபடி துளிர்க்க விடுவார்கள். துளசிக்கும் கிள்ளல் வேண்டும். கதிர் வந்ததும் ஒடித்துவிட்டால் செடி இன்னும் பல மாதம் இலை தரும். கதிர் முற்ற விட்டால் தண்டு கட்டையாகி, செடி கிழடாகும். அப்பாயி கதிர்களை ஒடிப்பாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதிரை மட்டும் விட்டுவைப்பாள். அது முற்றி, காய்ந்து, பழுப்பாகி, உள்ளங்கையில் தேய்த்தால் விதை உதிரும். அந்த விதையில் வந்த கன்றுகளைப் பால்மா டின்களில் வைத்து, மேல் லயத்துக்கும் பணிய லயத்துக்கும் கொடுத்துவிடுவாள். துளசியை விலைக்குக் கொடுப்பதில்லை. கேட்டால் இல்லை என்பதும் இல்லை.

பல்லாண்டுச் செடி என்று துளசியைச் சொல்கிறோம். உண்மையில் ஒரு துளசி நாலைந்து வருஷம் நின்றால் அதிகம். எங்கள் வாளித் துளசி ஒரு மார்கழியில், பதினைந்து நாள் வெயிலே காணாத அடைமழையில், கறுத்துப் பட்டுப்போனது. அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. காய்ந்த தண்டை எடுத்து வைத்தாள், மணி உருட்ட ஆகும் என்று. வாளி நாலு நாள் வெறும் மண்ணாக இருந்தது. ஐந்தாம் நாள் காலை, பணிய லயத்து அக்கா ஒரு டின்னோடு வந்து நின்றார். எங்கள் வீட்டிலிருந்து போன கன்றின் கன்று அது. வைத்துக்கொண்டது பட்டுப்போயிற்று. கொடுத்தது திரும்பி வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்திருந்தார். மாலை கட்டுவதே அவர் வழிபாடு. ஆண்டாளை அவர் கண்டெடுத்தது துளசிச் செடியின் அடியில் என்பது ஐதீகம். பெருமாளுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. எங்கள் லயத்து வாசலில் எதுவும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. காம்பரா தோட்டத்துடையது, வாசலும் தோட்டத்துடையது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் ஆட்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவர்களாகவே எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை என்ற சட்டம் 2003இல்தான் வந்தது. ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு என்ற பேச்சு அண்மைக் காலத்தது. பலருக்கு இன்னும் அது பேச்சுத்தான். நாளைக்கு இந்த இடம் நமக்கா என்று தெரியாத காலத்தில், அறுவடைக்கு ஆகாத, விலைக்குப் போகாத ஒரு செடிக்கு ஒருத்தி தினமும் தண்ணீர் ஊற்றினாள். நந்தவனம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல பொருள் தெரியவில்லை. மண் யாருடையதாக இருந்தாலும், ஊற்றிய தண்ணீர் அவளுடையது.

அப்பாயி போகும்போது அவள் நாக்கில் விட்ட தீர்த்தத்தில் அந்த வாசல் துளசியின் ஒரு இலை இருந்தது. பறித்தது நான்தான். பகல் வேளை. வெயில் இருந்தது. விரலில் அந்த வாசம் ராத்திரி வரை நின்றது.

இப்போது நான் இருக்கும் வீட்டில் ஒரு மண் தொட்டியில் துளசி இருக்கிறது. அதன் விதை அந்த வாளி வழியாக வந்தது. உங்கள் வீட்டிலும் ஒன்று வையுங்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் கன்று கிடைக்கும். தொட்டியில் ஓட்டை இருக்கட்டும், காலை வெயில் படட்டும், மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். கதிரைக் கிள்ளுங்கள், ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். எத்தனை இலை பறித்தோம், எத்தனை நாள் செய்தோம், என்ன கிடைத்தது என்று அந்த ஒரு செடியிடம் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம். பொழுது சாய்ந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். அதுவும் மலைக்குப் போய்விட்டு வந்திருக்கிறது.